வேலியும் படலையும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் 1994 உயர்தர அணியினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



அன்றாட மனவழுத்தத்தைக் குறைப்பது பற்றிப் பேசும்படி எம்மைக் கேட்டார்கள். செயலாளரின் தொலைபேசி அழைப்பு வந்த அன்று எமது அணிக்குள் பெரிய இழுபறி. மேடையேற ஒருத்திக்கும் விருப்பமில்லை. ஆனால் "மாட்டோம்" என்று சொல்லவும் ஒருத்திக்கும் வாய் வரவில்லை. ஒருத்தி பேரப்பிள்ளை பிறக்க இருக்கிறது என்றாள். இன்னொருத்தி தனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். விழாவுக்கு அப்போது மூன்று மாதம் இருந்தது. சிரித்து முடித்த பின்புதான் யோசித்தோம், நாம் பேசவேண்டிய விடயம் இதுதானே என்று.

எமது அணியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். உயர்தரம் படித்த காலத்தில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்து அந்த வெளிச்சத்தில் தாவரவியல் படம் கீறினோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருத்தி பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ கேட்டோம். ரியூப் வெடித்தால் ஒட்டுப்போடத் தெரியும். கப்பியில் தண்ணீர் அள்ளத் தெரியும். விமானச் சத்தம் கேட்டால் எத்தனை நிமிடத்தில் பதுங்குகுழிக்குள் இருக்கவேண்டும் என்றும் தெரியும். சொந்தக்காலில் நிற்பதைப் பற்றி எமக்கு ஒருவரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தோம்.

அது பாதிதான். தாங்கப் பழகினோம், மறுக்கப் பழகவில்லை. தாங்கத் தெரிந்தவள் மறுக்காவிட்டால் ஊரின் சுமையெல்லாம் அவள் தலைக்குத்தான் வரும். "அவ கெட்டிக்காரி, அவ செய்வா" என்பதைப் பாராட்டு என்று எண்ணி முப்பது வருடம் கழித்துவிட்டோம்.

எங்கள் பேச்சையே பாருங்கள். எமக்கு "ஏலாது" என்று ஒரு சொல் இருக்கிறது. உடம்புக்கு ஏலாது, நேரம் ஏலாது, இண்டைக்கு ஏலாது. எல்லாம் வேறெதுவோ தடுக்கிறது என்ற பொருளில்தான். "எனக்கு விருப்பமில்லை, நான் செய்யமாட்டன்" என்று சொல்லும் பெண்ணைத் "திமிர் பிடிச்சவள்" என்பார்கள். ஆகவே தலையிடியைக் கூப்பிடுகிறோம், தொண்டைக்கட்டைக் கூப்பிடுகிறோம். சொன்ன பொய்யை ஞாபகம் வைத்திருப்பது வேறு ஒரு வேலை. தலையிடி என்று சொன்ன அன்று பின்னேரம் சந்தையில் அவர்களையே சந்தித்தால் மெய்யாகவே தலை இடிக்கும்.

இத்தனைக்கும் எல்லை என்பது எமக்குப் புதிதல்ல. வேலிக்குப் பெயர் போன ஊர் எங்களுடையது. எல்லைக் கதியாலை அரை அடி தள்ளி நட்டதற்காக வருடக்கணக்கில் வழக்குப் பேசிய பரம்பரைகள் இந்த மண்டபத்திலேயே இருக்கின்றன, பெயர் சொல்லமாட்டோம். அந்தக் கிடுகு வேலியை வருடாவருடம் பிரித்து அடைப்பார்கள். ஆனால் அதே வேலியில் ஒரு பொட்டும் இருக்கும். அதனூடாகக் கறிச்சட்டி போகும், கறிவேப்பிலை வரும், அயலட்டைப் பிள்ளைகள் புகுந்து விளையாடுவார்கள். முன்னுக்குப் படலை இருக்கும். கொளுக்கி உள்பக்கத்தில். காணிக்கு இவ்வளவு யோசித்தவர்கள், அந்தக் காணிக்குள் இருந்த பெண்ணின் நேரத்துக்கும் நித்திரைக்கும் கையெழுத்துக்கும் ஒரு கதியால்கூட நடவில்லை.

கையெழுத்து என்றவுடன் எமது அணியில் ஒருத்தியின் கதையைச் சொல்லவேண்டும். அவளே சொல்லச் சொன்னாள். அவள் ஆசிரியை. மாதச் சம்பளம் உறுதியான அரசாங்க உத்தியோகத்தர் என்றால் வங்கிக் கடனுக்குப் பிணை வைக்கத் தேடி வருவார்கள், உங்களுக்குத் தெரியும். எட்டு வருடத்தில் மூன்று பேருக்குக் கையெழுத்து வைத்தாள். "ரீச்சர், ஒரு கையெழுத்துத்தானே" என்று கேட்டார்களாம். மூன்றாமவர் கடனை எடுத்த அடுத்த வருடம் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய்விட்டார். கடிதம் இவள் வீட்டுக்கு வந்தது. கடன் எடுத்தவர் கட்டாவிட்டால் பிணை வைத்தவர் கட்டவேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தனக்கு நடக்கும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஐந்து மாதம் கணவருக்குச் சொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்கு விழித்து, கூரையைப் பார்த்துக்கொண்டு கணக்குப் பார்ப்பாளாம். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் கை நடுங்குமாம். இரண்டு வருடத்துக்கு மேலாக மாதாமாதம் கட்டினாள். எங்களிடம் இதைச் சொன்னபோது அவள் காசைப் பற்றி அதிகம் பேசவில்லை. "அந்தப் படிவத்தை நான் வாசிக்கவேயில்லையடி. வாசிச்சால் தன்னை நம்பேல்லை எண்டு அவ நினைப்பா எண்டு வெக்கமாக் கிடந்தது" என்றாள். ஆங்கிலப் பாடத்தில் அணியிலேயே முதலாவதாக வந்தவள் அவள்.

கட்டி முடித்த அன்று பின்னேரம், குசினி விறாந்தையில் இருந்து ஒரு முடிவெடுத்தாள். "நான் பிணை வைப்பதில்லை. ஒருவருக்கும் வைப்பதில்லை." பேனையைக் கையில் தந்தபின் யோசித்தால் முகத்தைப் பார்த்து இளகிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே ஒருவரும் கேட்காத நேரத்தில் எடுத்த முடிவு அது. "உங்களுக்கு வைக்கமாட்டன்" என்றால் அது அந்த மனிதரைப் பற்றிய தீர்ப்பு. "நான் ஒருவருக்கும் வைக்கிறதில்லை" என்றால் அது தன்னைப் பற்றிய செய்தி. கேட்பவருக்கும் முகம் கெடாது. அவள் தன்னிடமிருந்து உதவியைப் பறிக்கவுமில்லை. அவசரம் என்று வந்தால், திரும்பி வராவிட்டாலும் மனம் நோகாத தொகை எவ்வளவோ அதை எடுத்துக் கொடுக்கிறாள். கடனாக அல்ல, கொடையாக.

இதை அவள் முதன்முதலில் சொல்லவேண்டி வந்தது சொந்த மச்சானுக்கு. அவர் எழும்பிப் போய்விட்டார். அவருடைய மகளின் சாமத்தியவீட்டுக்கு ஊர் முழுக்கக் காட் போனது, இவளுக்குப் போகவில்லை. அன்று முழுக்க அழுதாள். அவர் இன்னும் வரவில்லை. எல்லை வைத்தால் எல்லோரும் மதிப்பார்கள் என்று நாம் இந்த மேடையில் சொன்னால் அது பொய். சிலர் போய்விடுவார்கள். ஆனால் அவளுக்கு இப்போது இரவில் நித்திரை வருகிறது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம்.

கடல் கடந்திருக்கும் சகோதரிகளுக்கு இன்னொரு கதை. எமது அணியிலும் எமக்கு அடுத்த அணியிலும் படித்த அக்காளும் தங்கையும். அக்கா ரொறன்ரோவில், தங்கை இங்கே அம்மாவுடன். அக்கா இரண்டு வேலை செய்து காசு அனுப்புவாள். தங்கை அம்மாவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவாள், காணி துப்புரவாக்குவாள், கோவில் உபயம் பார்ப்பாள், அக்காவின் வீட்டுக்கு வாடகைக்கு ஆள் தேடுவாள். அங்கே இருப்பவள் சொகுசாக இருக்கிறாள் என்று இவளும், இங்கே இருப்பவளுக்கு என்ன வேலை என்று அவளும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தொலைபேசி வேளை கெட்ட வேளையில் அடிக்கும். ஒருநாள் குளியலறைக்கு என்ன மாபிள் பதிப்பது என்பதில் வெடித்து, நான்கு மாதம் கதைக்கவில்லை. மாபிளுக்காக அல்ல என்பது இருவருக்கும் தெரியும்.

சமாதானம் வந்ததும் தங்கை ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, தான் ஒரு மாதத்தில் செய்யும் வேலைகளை எல்லாம் எழுதிப் படம் பிடித்து அனுப்பினாள். அக்கா தன் சம்பளமும் வீட்டுக் கடனும் வாகனக் காப்புறுதியும் எழுதி அனுப்பினாள். இருவரும் அழுதார்களாம். பிறகு மாதம் இவ்வளவு காசு, அதற்கு மேல் மருத்துவத்துக்கு மட்டும் என்று முடிவானது. காணி வேலைக்குக் கூலிக்கு ஆள், அதைத் தங்கை போய் நின்று பார்க்கத் தேவையில்லை. அழைப்பு சனிக்கிழமை எங்கள் இரவு எட்டு மணிக்கு. அங்கே கோடையில் காலை பத்தரை, மாரியில் ஒன்பதரை. மற்ற நாட்களில் மணி அடித்தால் அவசரம் என்று அர்த்தம். முன்பு மணி அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டவர்கள், இப்போது சனிக்கிழமைக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சொந்தக்காலுக்குத் திரும்பி வருவோம். டைனமோவில் றேடியோ கேட்ட நாம், இன்று இணையப் பெட்டியில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் மகன் வரும்வரை காத்திருக்கிறோம். மின்சாரக் கட்டணம் கணவர் கட்டுவார், கடவுச்சொல் மகளுக்குத் தெரியும், எரிவாயுச் சிலிண்டர் மாற்றப் பக்கத்து வீட்டுத் தம்பி. எப்போது கைவிட்டோம் என்றே தெரியவில்லை. எமது அணியில் கடந்த வருடம் கணவரை இழந்த ஒருத்திக்கு, வங்கிப் புத்தகம் எந்த வங்கியில் என்றுகூடத் தெரியவில்லை. துக்கத்துக்குள் அதையும் தேடவேண்டியிருந்தது.

சீதனமாக வந்த வீட்டு உறுதியை உங்களில் எத்தனை பேர் வாசித்திருக்கிறீர்கள்? நாம் பதினொரு பேர் கூடிப் பார்த்தபோது, வாசித்தவர்கள் இரண்டு பேர். தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கு 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் பொருந்தும். அதன்படி வீடு மனைவியின் பெயரில் இருந்தாலும், கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவள் அதை விற்கவோ எழுதிக்கொடுக்கவோ முடியாது. சம்மதம் நியாயமில்லாமல் மறுக்கப்பட்டால் மாவட்ட நீதிமன்றத்தை நாட அதே சட்டத்தில் வழி இருக்கிறது. இந்தச் சட்டம் சரியா பிழையா என்று வாதாட எமக்கு இன்று நேரம் தரப்படவில்லை. எமது அபிப்பிராயம் முகத்திலேயே தெரியும். எம் பெயரில் இருப்பது எம் கையில் எவ்வளவு இருக்கிறது என்று ஐம்பது வயதில் முதன்முதலாக அறிவதுதான் எமக்கு வெட்கமாக இருந்தது. உறுதி, வங்கிப் புத்தகம், சேமலாப நிதியில் யாருடைய பெயரைப் போட்டிருக்கிறோம் என்பது, இவற்றை ஒரு பின்னேரத்தில் எடுத்துப் பார்த்துவிடலாம். பார்த்த அன்று எங்களில் பலர் நன்றாக நித்திரை கொண்டோம்.

ஒரு எச்சரிக்கை. வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்ணிடம் "நீ எல்லை வைத்துப் பழகு" என்று சொல்வது அநியாயம். அவளுக்குத் தேவை உதவி. பெண்களுக்கான 1938 இலக்கமும், தேசிய உளநல நிறுவகத்தின் 1926 இலக்கமும் இதற்காகவே இருக்கின்றன. மாணவத் தலைவிகள் இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எமக்கு உங்கள் வயதில் இப்படி ஒன்றும் இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. தன்னைத் தவிர வேறெவரையும் பார்க்காதே என்று சொல்லும் புத்தகங்கள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றோடு எமக்கு உடன்பாடில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டபோது, மழைக்குள் பிள்ளைகளையும் கிழவர்களையும் கொண்டு நடந்தபோது, தென்மராட்சியில் முன்பின் தெரியாதவர்கள் படலையைத் திறந்து விட்டார்கள். ஒரு வீட்டுக்குள் ஐந்து, ஆறு குடும்பங்கள். ஒரு கிணறு. அன்று அவர்கள் "எங்களுக்கு இடமில்லை" என்று சொல்லியிருந்தால் எங்களில் சிலர் இங்கே இருந்திருக்கமாட்டோம். அந்தப் படலையைச் சாத்தச் சொல்ல நாம் இங்கே நிற்கவில்லை. அவசரத்துக்கு வந்தவனையும், கறிவேப்பிலைக்கு வந்தவனையும், காணியையே கேட்டு வந்தவனையும் வேறுபடுத்திப் பார்க்கலாம் என்றுதான் சொல்கிறோம். எமக்கு மூவரும் ஒரே மாதிரித் தெரிந்ததுதான் இவ்வளவு காலமும் களைப்பைத் தந்தது.

எமது அணி இதைப் பழகத் தொடங்கியிருக்கிறது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு அணியின் வட்ஸ்அப்பில் ஒருவரும் எதுவும் போடுவதில்லை. மரண அறிவித்தல் மட்டும் விதிவிலக்கு. பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லாதவளிடம் காரணம் கேட்பதில்லை. நூற்றாண்டை ஒட்டிச் சங்கம் எமக்கு இரண்டு நிதிப் பட்டியல்கள் அனுப்பியது. விடுதிக் கூரைக்கான பட்டியலுக்கு எம்மால் முடிந்ததைக் கொடுத்துவிட்டோம். இரண்டாவது பட்டியலுக்கு, "இவ்வருடம் எமது அணி இதில் சேரவில்லை" என்று ஒரே வரியில் பதில் எழுதினோம். காரணம் எழுதவில்லை. அந்த ஒரு வரியை எழுத எமக்கு மூன்று நாள் பிடித்தது, நான்கு பேர் திருத்தினோம். செயலாளர் அக்கா கோபிப்பா என்று பயந்துகொண்டிருந்தோம். அவ "சரி பிள்ளைகள்" என்று பதில் போட்டுவிட்டு, இந்த உரைக்கு எம்மைப் பிடித்துவிட்டா.

அதற்கு நாம் மறுக்கவில்லை. தொண்டை கட்டியவளும் மூன்றாம் வரிசையில் சுகமாக இருக்கிறாள். தேநீர் வேளையில் அவளோடு கதையுங்கள்.