கப்பியின் கணக்கு
(கூட்டத்தில் ஆற்றிய உரை)



கமலை இறைத்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எண்ணெய்க் கிணற்றிலும் கப்பியும் வடமும்தான். நுனியில் தொங்குவது சால் அல்ல. பாறையைச் சோதிக்கும் மின்கருவி.

1927 செப்டம்பர் 5-ல், பிரான்ஸ் நாட்டுப் பெஷெல்ப்ரான் எண்ணெய் வயலில், ஷ்லும்பெர்ஜே சகோதரர்களின் ஆட்கள் முதன்முதலாக இதை இறக்கினார்கள். மீட்டருக்கு மீட்டர் நிறுத்தி அளந்தார்கள். வடத்தைச் சுற்றியது எஞ்சினா? இல்லை, மனிதக் கைகள்!

இன்று லாரியில் டிரம், அதைச் சுழற்ற எஞ்சின். வடம் கீழ்க்கப்பியில் திரும்பி, மேலேறி, மேல்கப்பியில் வளைந்து கிணற்றில் இறங்குகிறது. வடத்தில் இழுவை 1,000 கிலோ என்றால் மேல்கப்பியின் சங்கிலி தாங்குவது எவ்வளவு? ஆயிரமா? அல்ல தோழர்களே, ஏறக்குறைய 2,000! ஒரு பக்கம் கருவி இழுக்கிறது. மறுபக்கம் டிரம் அதே பலத்தோடு இழுக்கிறது. கருவி கீழே சிக்கிக்கொண்டால் இன்னும் கூடும். சங்கிலி அறுந்தால் கப்பி யார் தலையில் விழும்? ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் தலையிலா?

மில்லிலும் இதே கணக்குத்தான். 170 கிலோ பஞ்சுப் பேலை ஒற்றைக் கப்பியில் கயிறு போட்டுக் கீழே நின்று இழுத்தால், மேலே உள்ள கொக்கி 340 கிலோ தாங்க வேண்டும்.

'கப்பிக்குக் கீழே நிற்காதே' என்று பலகை மாட்டுவதோடு நிர்வாகத்தின் கடமை தீர்ந்துவிடாது. கொக்கி எத்தனை கிலோ தாங்கும், கடைசியாக என்று சோதித்தார்கள்? வேலை தொடங்குமுன் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.