மேலே சாது, கீழே சத்து: நாற்றுக்கு ரெண்டு அடுக்கு மண்

இன்னிக்கு எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். அனுப்பினவங்க ஆர்.எஸ்.புரத்துல மூணாவது மாடியில இருக்காங்க. தக்காளியும் மிளகாயும் மூணு தடவை விதைச்சிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் முளைப்பு நல்லா வருது. ரெண்டு இலை விரியுது. அப்புறம் இலை ஓரம் கருகி, வளர்ச்சி அப்படியே நின்னுடுது. சிலது கழுத்துல மெலிஞ்சு சாஞ்சுடுது. மண்ணுல அவங்க கஞ்சத்தனம் பண்ணல. நல்ல விலை குடுத்து, "சத்து நிறைஞ்சது"ன்னு எழுதியிருந்த ரெடிமேட் கலவையை வாங்கி, தொட்டி முழுக்க அதையே நிரப்பியிருக்காங்க. கடைசியில வீட்டுல சொன்னது: "உனக்குக் கைராசி இல்ல கண்ணு, விட்டுடு."

கைராசியை ஓரமா வைப்போம். இங்கே நடந்தது பெரும்பாலும் உப்புக் கணக்கு.

ஒரு விதை கட்டுச்சோறோடதான் வருது. முதல்ல விரியற அந்த ரெண்டு இலை நிஜ இலை இல்ல, வித்திலை. நிஜ இலை வர்ற வரைக்கும் நாற்றுக்கு வேண்டியது தண்ணி, காத்து, கொஞ்சம் சூடு. உரம் அப்போ தேவையே இல்ல. சரி, தேவையில்லாததைக் குடுத்தா சும்மா கிடக்கட்டுமேன்னு விட முடியுமா? முடியாது. மண்புழு உரம், தொழு உரம், புண்ணாக்கு எதுவா இருந்தாலும், அதுல இருக்கிற சத்து தண்ணியில கரையும்போது உப்பாத்தான் கரையுது. வேர் தண்ணியை உள்ளே இழுக்கிறது ஆஸ்மாசிஸ் மூலமா. வெளியே உப்பு அதிகமானா தண்ணி உள்ளே போறது கஷ்டம். தொட்டி ஈரமா இருக்கும், செடி தாகத்துல இருக்கும். இலை ஓரம் கருகுறது அதனாலதான். எரு சரியா மக்காம இருந்தா அமோனியாவும் சேர்ந்துக்கும். இளவேருக்கு அது இன்னும் மோசம்.

அப்போ சத்தே இல்லாத கலவையில போட்டுடலாமா? அதுவும் பாதி வழிதான். தக்காளி நாற்று 25 நாள்ல தயாராகும், மிளகாய்க்கு 40 நாள் வரை ஆகும். கட்டுச்சோறு அத்தனை நாள் தாங்காது. மூணாவது வாரத்துல மஞ்சள் தட்டிடும்.

இந்தச் சிக்கலுக்கு ரெண்டு விதமா விடை சொல்லியிருக்காங்க. முதல் விடை இங்கிலாந்துல, 1930-கள்ல. ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்துல வில்லியம் லாரன்ஸ், ஜான் நியூவெல்னு ரெண்டு பேர். அவங்க ஆராய்ச்சிச் செடிகளோட நாற்றுகள் செத்துக்கிட்டே இருந்தது. தொட்டி மண்ணையே ஆராய்ச்சிப் பொருளாக்கினாங்க. கிடைச்சது ஒரு வரிசை. விதைக்குன்னு தனிக் கலவை: 2 பங்கு மண், 1 பங்கு பீட், 1 பங்கு மணல், பெயருக்குக் கொஞ்சம் உரம். செடி வளர வளர 1, 2, 3-ன்னு நம்பர் போட்ட தொட்டிக் கலவைகள். நம்பர் 2-ல 1-ஐ விட ரெண்டு மடங்கு உரம், 3-ல மூணு மடங்கு. நம்ம ஆளுங்களுக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு: அந்த நிறுவனம் இதை விக்கல, ஃபார்முலாவை எல்லாருக்கும் வெளியிட்டுட்டாங்க. ஓப்பன் சோர்ஸ் மண்!

ரெண்டாவது விடை நம்ம லாலி ரோடு வேளாண் பல்கலைக்கழகத்துல இருக்கு. 98 குழி உள்ள புரோட்ரேக்கு அவங்க பரிந்துரை இது: மக்கிய தென்னை நார்க்கழிவு 300 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 5 கிலோ, அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் தலா 1 கிலோ. புண்ணாக்கோட அளவைக் கவனிங்க, 2 சதவீதம் கூட இல்ல. விதைச்சு 18 நாள் கழிச்சுத்தான் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கரைச்சு ஊத்தச் சொல்றாங்க. அதாவது முதல்ல சாதுவா ஆரம்பிச்சு, பசி எடுக்கிற நேரம் பார்த்துச் சாப்பாடு.

ரெண்டு விடையும் சத்தை நேரத்துல அடுக்குது. ஒண்ணுல தொட்டி மாத்தணும், இன்னொண்ணுல நாள் எண்ணி உரம் ஊத்தணும். வேலைக்குப் போற நமக்கு ரெண்டுமே மறந்துபோகும். நான் சொல்ற முறை அதே சத்தை இடத்துல அடுக்குறது. கீழே சத்தான கலவை, மேலே சாதுவான கலவை. விதை மேல் அடுக்குல முளைக்கும். நிஜ இலை விரியற சமயத்துல வேர் கீழே இறங்கியிருக்கும். பசியும் சாப்பாடும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல சந்திக்கும். ரிமைண்டர் வேண்டாம்.

பாத்திரத்துக்கு ஆழம் முக்கியம். பேக்கரி டீ கப் பத்தாது. ஒரு லிட்டர் பால் பாக்கெட்டைக் கழுவி, அடியில நாலஞ்சு ஓட்டை போட்டா அருமையான நாற்றுப் பை. 15 சென்டிமீட்டர் நிரப்பினா, கீழே 10 சத்துக் கலவை, மேலே 5 சாதுக் கலவை. சாதுக் கலவைன்னா கழுவின கோகோபீட் 3 பங்கு, சலிச்ச செம்மண் 1 பங்கு. அவ்வளவுதான். சத்துக் கலவைங்கிறது அதே கலவை 3 பங்கு, கூட மண்புழு உரம் 1 பங்கு. வேப்பம் புண்ணாக்கு சேர்க்கணும்னா ஒரு பைக்கு ஒரு சிட்டிகை போதும். அதையும் ரெண்டு வாரம் முன்னாடியே கலந்து ஈரமா வச்சிருங்க, மக்கும்போது வர்ற அமோனியா போயிடட்டும்.

"அதே கலவை"ன்னு ஏன் அழுத்திச் சொல்றேன்னா, பலரும் சறுக்குற இடம் இதுதான். அடுக்குன்னு சொன்னதும் கீழே ஜல்லி, அதுக்கு மேல மண், மேலே பொடியா கோகோபீட்னு கேக் மாதிரி அடுக்குறாங்க. தண்ணி அப்படி இறங்காது. நுண்ணிய துளைகள் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். கீழே இருக்கிறது கரடுமுரடா இருந்தா, மேல் அடுக்கு கிட்டத்தட்ட முழுசா நிறையிற வரைக்கும் கீழே விடாது. வடியட்டும்னு போட்ட ஜல்லியால ஈரம் வேர்ப்பகுதியிலயே தங்கிடும். அந்த ஈரத்துலதான் பித்தியம் பூஞ்சாணம் வந்து நாற்றைக் கழுத்துல சாய்க்குது. நாற்றழுகல்னு சொல்றது அதைத்தான். வாய்ஸ் நோட்டுல சாஞ்ச நாற்றுகளுக்கு இதுவும் காரணமா இருக்கலாம். அதனால ரெண்டு அடுக்குலயும் பொடியோட தன்மை ஒண்ணா இருக்கணும், சத்து மட்டும்தான் மாறணும். சேர்ற இடத்துல விரலால லேசா கிளறி விட்டுடுங்க, கோடு போட்ட மாதிரி இருக்க வேண்டாம். டிரைக்கோடெர்மா விரிடி கிடைச்சா மேல் அடுக்குல கொஞ்சம் கலந்துக்கலாம்.

கோகோபீட் பத்தி நாம கொஞ்சம் பெருமைப்படலாம், பொள்ளாச்சி 40 கிலோமீட்டர்தானே. ஒரு காலத்துல கயிறு ஆலைக்கு வெளியே மலையா குவிஞ்சு கிடந்த கழிவு, இன்னிக்கு பிளாக் பிளாக்கா கப்பல் ஏறுது. 5 கிலோ பிளாக் ஊறினா 70 லிட்டர் வரைக்கும் வரும். ஆனா கழுவாத பீட்டுல உப்பு இருக்கும். மக்காத பீட்டுல கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112:1 அளவுக்கு இருக்கும். அதைச் சிதைக்கிற நுண்ணுயிர்கள் செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தையும் எடுத்துக்கும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் போட்டு மக்க வச்சு அதை 24:1-க்குக் கொண்டுவர்ற முறையையும் நம்ம பல்கலைக்கழகமே குடுத்திருக்கு.

வீட்டுல ஆர்.ஓ. தண்ணி பார்க்கிற டி.டி.எஸ். மீட்டர் இருக்குமே, அதை எடுங்க. ஒரு பங்கு பீட், அஞ்சு பங்கு ஆர்.ஓ. தண்ணி, கலக்கி அரைமணி நேரம் வச்சு, வடிகட்டி அளந்து பாருங்க. பீட்டைக் கழுவறதுக்கு முன்னாடி ஒரு தடவை, கழுவின பிறகு ஒரு தடவை. 250 பி.பி.எம்-க்குக் கீழே வந்தா விதைக்கலாம். எனக்குத் தெரிஞ்சு வீட்டுத் தோட்டத்துல செய்யக்கூடிய மலிவான, நேர்மையான டெஸ்ட் இதுதான்.

ஊத்துற தண்ணியிலயும் உப்பு இருக்கு. நம்ம அபார்ட்மெண்ட்டுகள்ல ரெண்டு குழாய்: சிறுவாணி, போர். நாற்றுக்கு ஒரு மக்கு சிறுவாணி ஒதுக்குறது ஆடம்பரம் இல்ல. வளர்ந்த செடி போர் தண்ணியைச் சமாளிச்சுக்கும். அப்புறம், தட்டுல தண்ணி வச்சு அடியிலிருந்து உறிஞ்ச விடுற பழக்கம் இருந்தா, இந்த முறையில அதை நிறுத்துங்க. தண்ணி மேலே ஏறும்போது கீழ் அடுக்கு உப்பையும் தூக்கிட்டு வரும். மேலே தண்ணி ஆவியாகிடும், உப்பு அங்கேயே தங்கிடும். அடுக்கின அடுக்கே தலைகீழ். பூவாளியில மேலிருந்து மெதுவா ஊத்துங்க. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கும்போது மேல் அடுக்கு சீக்கிரம் காயும். முளைக்கிற வரைக்கும் ஈரமான நியூஸ் பேப்பர் மூடி வச்சா போதும், முளை தெரிஞ்ச அன்னிக்கே எடுத்துடணும்.

எல்லாத்துக்கும் இது தேவையான்னா, இல்ல. புரோட்ரே குழியில அடுக்க இடமே கிடையாது, அங்கே பல்கலைக்கழக முறைதான் சரி. கீரைக்கு வேண்டாம். அவரை, பூசணி மாதிரி பெரிய விதைகள் கொஞ்சம் முரடு, சத்தான மண்ணையும் தாங்கும். பெரிய தொட்டியில நேரடியா விதைச்சா மட்டும் மேலே நாலு விரல் சாதுக் கலவை போடுங்க. தக்காளி, கத்தரி, முக்கியமா 40 நாள் காத்திருக்க வைக்கிற மிளகாய், இதுக்குத்தான் இந்த மெனக்கெடல்.

வாய்ஸ் நோட் அனுப்பினவங்களுக்கு: மிச்சம் இருக்கிற ரெடிமேட் கலவையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அதுல ஒரு பங்கை, கழுவின கோகோபீட்டும் செம்மண்ணும் சேர்ந்த கலவை ரெண்டு பங்கோட கலந்து கீழ் அடுக்குக்கு வச்சுக்கோங்க. மேலே பழைய கலவை ஒரு துளி வேண்டாம். ஆறு பையில இப்படி, ரெண்டு பையில பழையபடி. பக்கத்து பக்கத்துல வச்சு, பத்தாம் நாள் ஒரு ஃபோட்டோ, இருபதாம் நாள் ஒரு ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. வீட்டுலயும் காட்டுங்க.