நோயாளியின் அளவு

நோயாளி ஒருவர் வைத்தியரின் முன் அமர்கின்றார். வைத்தியர் அவருடைய மணிக்கட்டிலே மூன்று விரல்களை வைத்து, கண்களைச் சற்றே மூடிக்கொள்கின்றார். வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் நடையை அவ்விரல்கள் உணர முயல்கின்றன. சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் நெடுங்காலமாக வழங்கிவரும் நாடி பார்த்தல் இதுவே. அதே மணிக்கட்டிலே இன்று பலர் ஒரு சிறு மணிக்கூட்டை அணிந்திருக்கின்றனர். அது நேரத்தைக் காட்டுவதோடு அமைவதில்லை. இதயத் துடிப்பை எண்ணுகின்றது; நடந்த அடிகளைக் கணக்கிடுகின்றது; உறங்கிய நேரத்தையும் விழித்த நேரத்தையும் குறித்து வைக்கின்றது. வைத்தியரின் விரல்கள் சில கணங்களே தங்கிய இடத்தில் இக்கருவி இரவும் பகலும் தங்கியிருக்கின்றது.

இதனால் மனிதனுக்கு வரும் நன்மை யாது? இதில் அவன் விழிப்பாயிருக்க வேண்டிய இடம் எது? இவ்விரு வினாக்களும் இன்று வீடுகளிலும் எழுகின்றன, வைத்தியசாலைகளிலும் எழுகின்றன.

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டு. கற்ற மருத்துவன் ஆராய வேண்டியவை மூன்று என அவ்வதிகாரம் கூறுகின்றது. நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் என்பன அவை. இவற்றுள் நோயாளியின் அளவு முதலிலே நிற்பது கவனிக்கத்தக்கது. நோய் ஒன்றேயாயினும் அதனைத் தாங்கும் உடல்கள் வேறு வேறு. ஒருவனுக்கு அமைந்த அளவு மற்றொருவனுக்கு அமைவதில்லை. தனியாள் மருத்துவம் என்று இக்கால விஞ்ஞானிகள் பேசுவதன் அடிப்படையும் இதுவேயாகும்.

ஆயினும், நவீன மருத்துவம் பெரும்பாலும் சராசரியின் வழியே வளர்ந்தது. ஜேர்மனியின் லைப்சிக் நகரில் பணியாற்றிய கார்ல் வுண்டர்லிக் என்னும் வைத்தியர் ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் உடல் வெப்பத்தை அளந்து, 1868 ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். மனிதனின் இயல்பான வெப்பம் 37 பாகை செல்சியசு என்னும் கணக்கு உலகெங்கும் நிலைபெற்றது அவராலேயாம். அதனால் விளைந்த நன்மை பெரிது. காய்ச்சல் எது, காய்ச்சலன்று எது என்று எந்தக் கிராமத்து வைத்தியசாலையிலும் சொல்லக்கூடியதாயிற்று. ஆனால் அந்தச் சராசரியும் நிலையானதன்று. 2020 ஆம் ஆண்டில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய அமெரிக்கப் பதிவுகளை இக்காலப் பதிவுகளோடு ஒப்பிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பிறந்த ஆண்களின் உடல் வெப்பம் இன்றைய ஆண்களின் வெப்பத்தைவிட ஏறத்தாழ 0.6 பாகை கூடுதலாக இருந்தது எனக் கண்டனர்.

சராசரி மறைத்துவிடக்கூடிய ஒன்று உண்டு. ஓய்வாக இருக்கும் வளர்ந்த மனிதனின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை வரை துடிப்பது இயல்பு என்பது பொது விதி. நாள்தோறும் ஓடிப் பழகிய ஒருவருடைய இதயம் ஓய்விலே 50 தடவை மட்டும் துடிக்கலாம். அது ஒருநாள் காரணமின்றி 75 ஆக உயர்ந்து அங்கேயே நின்றால், பொது விதி அதனை இயல்பென்று கூறிவிடும். அவருடைய உடலோ ஏதோ நேர்ந்துவிட்டது என்று அறிவிக்கின்றது. அந்த அறிவிப்பு கேட்கப்பட வேண்டுமானால், நலமாக இருந்த நாளில் அவருடைய அளவு எவ்வளவு என்பது முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். உடலில் அணியும் கருவியின் உண்மையான சிறப்பு இங்கேதான் இருக்கின்றது. அது நோயை அளப்பதற்கு முன் நலத்தை அளந்து வைக்கின்றது.

தன்னைத் தானே அளந்து பார்க்கும் முயற்சி புதியதன்று. இத்தாலியின் பாதுவா நகரிலே கலிலியோவின் காலத்தில் வாழ்ந்த சந்தோரியோ என்னும் வைத்தியர், பெருந்தராசு ஒன்றிலே நாற்காலியைத் தொங்கவிட்டு அதில் அமர்ந்து, உண்பதற்கு முன்னும் பின்னும் தம்மை நிறுத்துப் பார்த்தார். பல ஆண்டுகள் இவ்வாறு செய்து, தாம் கண்டவற்றை 1614 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பின்னர், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலே நோர்மன் ஹோல்ட்டர் என்பவர், நடமாடும் மனிதனின் இதயத்திலிருந்து எழும் மின்னலைகளை வானொலி மூலம் அனுப்பிப் பதிவு செய்ய முனைந்தார். 1940களின் இறுதியில் அவர் முதுகிலே சுமந்த கருவியின் நிறை ஏறத்தாழ 38 கிலோகிராம். ஒரு மூடை அரிசியைச் சுமந்து திரிந்ததற்கு ஒப்பான அந்த முயற்சியே படிப்படியாகச் சுருங்கிற்று. இன்று வைத்தியசாலைகளில் நோயாளியின் மார்பிலே ஒரு நாள் முழுவதும் பொருத்தி அனுப்பும் சிறு பெட்டி அவருடைய பெயரையே தாங்கி நிற்கின்றது.

மணிக்கூட்டுக் கருவியின் வேலையும் விளங்கிக்கொள்வதற்குக் கடினமானதன்று. அதன் அடிப்புறத்திலிருந்து பச்சை ஒளி தோலின்மேல் விழுகின்றது. குருதி பச்சை ஒளியை உறிஞ்சும் இயல்புடையது. இதயம் துடிக்குந்தோறும் மணிக்கட்டுக்கு வரும் குருதி கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடுகின்றது. அந்த ஏற்றத் தாழ்வை எண்ணினால் துடிப்பின் கணக்குக் கிடைத்துவிடும். சிவப்பு ஒளியையும் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியையும் சேர்த்துப் பயன்படுத்தினால், குருதியிலுள்ள ஒட்சிசனின் அளவையும் மதிப்பிடலாம். இவ்வழியை 1970களில் வகுத்தவர் யப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயாகி ஆவார்.

இக்கருவிகள் தரும் கணக்கு ஒரு தனி மனிதனுக்கு எவ்வாறு உதவும் என்பதைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்தவர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மைக்கேல் சினைடர். முதலில் அவர் தமது பரம்பரையலகுகளை முழுமையாக ஆராய்வித்தார். பின்னர் பதினான்கு மாதங்களாக அடிக்கடி குருதி கொடுத்துப் பல்லாயிரம் பொருள்களின் அளவுகளைக் குறித்து வந்தார். நீரிழிவு வரக்கூடும் என்று பரம்பரைச் செய்தி கூறிற்று. ஆனால் அவருடைய உடல் பருத்ததன்று. குடும்பத்திலும் அந்நோய் இருந்ததாகத் தெரியவில்லை. அவ்வாறிருக்க, சுவாசத்தைத் தாக்கும் வைரசுத் தொற்று ஒன்றின் பின்னர் அவருடைய குருதியில் வெல்லம் மெல்ல மெல்ல உயர்ந்து நீரிழிவின் எல்லையைத் தொட்டது. அளந்துகொண்டே இருந்தமையால் அது தொடக்கத்திலேயே தெரிந்தது. உணவை மாற்றி, உடற்பயிற்சியைக் கூட்டி, அப்போது அதனைக் குறைக்கவும் அவரால் முடிந்தது. இவ்வாய்வு 2012 ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

அதன் பின்னர் அவர் ஏழு கருவிகளை உடலில் அணிந்து வாழலானார். ஒருமுறை நோர்வேக்கு விமானத்திலே சென்றபோது, குருதியின் ஒட்சிசன் அளவு தாழ்ந்ததையும் இதயத் துடிப்பு உயர்ந்ததையும் கண்டார். விமானத்திலே அவ்வாறு நேர்வது வழமையே என்பதும், சிறிது நேரத்தில் அவை பழைய நிலைக்குத் திரும்பும் என்பதும் முன்னைய பயணங்களின் பதிவுகளால் அவருக்குத் தெரியும். இம்முறை அவை திரும்பவில்லை. பின்னர் காய்ச்சலும் கண்டது. இரண்டு வாரங்களுக்கு முன், மசச்சூசெட்ஸ் நாட்டுப்புறத்திலே தம் சகோதரருக்கு வேலி அமைக்க உதவியது அவருக்கு நினைவு வந்தது. அப்பகுதிகளில் உண்ணி கடிப்பதால் பரவும் லைம் நோய் உண்டு. அதனை ஐயுற்று, நோர்வேயில் ஒரு வைத்தியரைக் கண்டு தக்க மருந்தைப் பெற்றார். பிற்பாடு செய்த சோதனைகள் அவருடைய ஐயம் சரியென்று உறுதிப்படுத்தின. இச்செய்தி 2017 ஆம் ஆண்டில் வெளியான ஆய்விலே இடம்பெற்றது. இங்கே கருவி செய்தது என்ன? அது நோயின் பெயரைச் சொல்லவில்லை. 'இன்று நீ வழமைபோல் இல்லை' என்று மட்டுமே சொல்லிற்று. வேலியை நினைத்துப் பார்த்தது மனிதனின் மூளை. மருந்தை எழுதிக் கொடுத்தது வைத்தியரின் கை.

உணவிலும் இத்தகைய வேற்றுமை உண்டு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தினர் 800 பேருக்குத் தோலில் பொருத்தும் வெல்லமானியை அணிவித்து, அவர்கள் உண்ட 46,898 வேளை உணவுகளை ஆராய்ந்து, 2015 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஒரே அளவு பாணை உண்ட இருவருள் ஒருவருக்கு வெல்லம் விரைந்து ஏறிற்று. மற்றவருக்குச் சிறிதே ஏறிற்று. ஒரே பந்தியில் இருந்து உண்டாலும் உண்டது ஒவ்வோர் உடலிலும் ஒவ்வொரு விதமாகவே நடக்கின்றது.

நன்மையை இவ்வளவு கூறியபின் குறைகளையும் கூறுதல் முறை. முதலாவது, கருவியின் அறிவிப்பு நோயின் தீர்ப்பு ஆகாது. இதயத் துடிப்பின் ஒழுங்கீனத்தை மணிக்கூட்டினால் அறியலாமா என்று அமெரிக்காவில் 4,19,297 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. அதன் முடிவு 2019 இல் வெளியாயிற்று. எச்சரிக்கை பெற்றவர்கள் 2,161 பேர் மட்டுமே. அவர்களுள், மார்பிலே ஒட்டும் பதிகருவியை அணிந்து திருப்பி அனுப்பிய 450 பேரை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 34 பேரிடமே அந்த ஒழுங்கீனம் காணப்பட்டது. அது வந்து வந்து மறையும் இயல்புடையதாகையால் ஏனையோருக்கு அது இல்லையென்றும் துணிந்து கூறவியலாது. ஆகவே, எச்சரிக்கை வந்தால் அஞ்சி நடுங்குவதும் தவறு. எச்சரிக்கை வரவில்லையென்று நெஞ்சு நோவைப் பொருட்படுத்தாதிருப்பது அதனினும் பெரிய தவறு.

இரண்டாவது குறை தோலின் நிறத்தைப் பற்றியது. ஒளியினால் அளக்கும் கருவிக்குக் கருமையான தோல் ஒரு திரைபோல் ஆகின்றது. வைத்தியசாலைகளில் விரலிலே மாட்டும் ஒட்சிசன்மானி அமெரிக்காவிலே ஆராயப்பட்டது. ஒட்சிசன் போதிய அளவு உண்டென்று கருவி காட்டியபோதும் உண்மையில் அது ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. கருநிறத்தோர் மிகுந்து வாழும் நம் நாடுகளும் அசட்டை செய்யக்கூடிய செய்தியன்று இது. எவருடைய உடல்களை வைத்துக் கருவி சரிபார்க்கப்பட்டதோ அவர்களுக்கே அது முழு உண்மையைப் பேசும்.

மூன்றாவது, கருவி செய்யாததையும் செய்வதாகக் கூறி விற்பவர் உளர். தோலைத் துளைக்காமலே குருதியின் வெல்லத்தை அளக்கும் எனச் சொல்லப்படும் மணிக்கூடுகளையும் மோதிரங்களையும் நம்ப வேண்டாம் என்றும், அத்தகைய எக்கருவிக்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்றும் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2024 பெப்ரவரியில் அறிவித்தது. பொய்க் கணக்கை நம்பி இன்சுலினைக் கூட்டிக்கொள்ளும் நீரிழிவு நோயாளியின் உயிர் சில மணி நேரத்திலே ஆபத்துக்கு உள்ளாகும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, இக்கணக்குகள் எவருடைய கையில் இருக்கின்றன என்பது. அவை பெரும்பாலும் மணிக்கட்டிலே தங்குவதில்லை. கைத்தொலைபேசி வழியாகத் தொலைதூரத்துக் கணினிகளுக்குச் சென்று சேர்கின்றன. ஓடுவோரின் பாதைகளைத் தொகுத்து ஒரு நிறுவனம் வெளியிட்ட உலகப் படத்திலே இரகசியமான இராணுவ முகாம்களின் இருப்பிடமும் புலப்பட்டது என 2018 ஜனவரியில் தெரியவந்தது. எச்சிலிலிருந்து பரம்பரைச் செய்தியை ஆராய்ந்து கூறும் '23 அன்ட் மீ' என்னும் அமெரிக்க நிறுவனத்திடமிருந்து ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விபரங்கள் 2023 இல் அந்நியர் கையிற் சிக்கின. அந்நிறுவனமே 2025 மார்ச்சில் கடன் தீர்க்க இயலாது நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடிற்று. கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். பரம்பரையை எவர் மாற்ற முடியும்? அது ஒருவருக்கு மட்டும் உரியதுமன்று; உடன்பிறந்தார்க்கும் பிள்ளைகளுக்கும் உரியது. இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய விபரங்களை விசேட பாதுகாப்புக்குரிய வகையிலே சேர்த்துள்ளது. சட்டம் வேலியாகும். ஆயினும், வாயிலைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா என்பது வீட்டுக்குரியவரின் பொறுப்பே. ஒரு கருவியை வாங்குவோர் விலையைக் கேட்பதுபோலவே, தம் உடலின் கணக்கு எங்கே செல்கின்றது, எவர் பார்ப்பர், வேண்டாமென்றால் அழிக்கலாமா என்றும் கேட்டறிதல் வேண்டும்.

கருவி வாங்க இயலாதோர்க்கு இவ்வறிவு எட்டாததா? அன்று. இந்நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகளுக்கு மாதந்தோறும் செல்லும் நோயாளிகள் கையிலே ஒரு கொப்பியைக் கொண்டு செல்வதைக் காணலாம். குருதி அழுத்தமும் வெல்லமும் மருந்தின் அளவும் அதிலே வரிசையாக எழுதப்பட்டிருக்கும். மூலைகள் மடிந்து, மழையில் நனைந்து உலர்ந்த அக்கொப்பியும் தனியாள் மருத்துவத்தின் ஏடுதான். காலையில் எழுந்ததும் அமைதியாக அமர்ந்து, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் நாடியை எண்ணி அதிலே குறித்துக்கொள்வதற்குப் பொருட்செலவு இல்லை. அவ்வாறு சில மாதங்கள் எழுதிய ஒருவர் வைத்தியர் முன் அமரும்போது, ஒரு நாளின் உடலோடு மட்டுமன்றிப் பல நாட்களின் உடலோடும் அமர்கின்றார். அந்தக் கொப்பி நோயாளியின் கையிலேயே இருப்பதும் அதன் சிறப்பு. அவர் விரும்பியவரிடமே அது திறக்கின்றது.

பளபளக்கும் புதிய கருவிகளும் இந்தப் பழைய கொப்பியின் ஒழுக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும். அளவு நோயாளிக்குரியது, அதனை அறிவது அவருடைய நலத்துக்காக, அதனை ஆராய்ந்து பொருள் சொல்வது கற்ற வைத்தியரின் கடமை. இம்மூன்றும் இடம் மாறாதிருக்குமாயின், மணிக்கட்டிலே கிடக்கும் மணிக்கூடு அந்த மூன்று விரல்களுக்கு நல்ல துணையாக அமையும்.