தாய்வீடு தொலைவிலிருந்தால்



எங்கள் தலைமகன் பிறந்தபோது என் மனைவியின் தாய்வீடு இரண்டு நாள் ரயில் பயணத் தொலைவில் இருந்தது. அறியாமையால் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டினோம். குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினோம். பத்தியமென்று தாய்க்கு நீரையும் குறைத்தோம். இருவரும் வாடினர்.

செவிலியர் ஒருவர் எங்களைத் திருத்தினார். சீம்பாலே குழந்தையை நோயினின்று காக்கும் முதற்கவசம். பிறந்த 1 மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தருக. 6 மாதம் வரை வேறு உணவு வேண்டா, தண்ணீரும் வேண்டா. நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பாலூட்டும் தாய்க்கோ வயிறார உணவும், தாகந்தீர நீரும், உறக்கமும் வேண்டும்.

அன்று அண்டைவீட்டு அம்மையார் கொணர்ந்த பூண்டுக்குழம்புச் சோறே என் மனைவிக்குத் தாய்வீடாயிற்று. நம் காலனியில் இனி எந்தத் தாயும் தனித்து வாடலாகாது என வேண்டி அமைகிறேன்.