விருந்தும் விரயமும்

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 



சற்றுமுன் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. சந்தா எவ்வளவு, ஷாதி மஹால் வாடகை எவ்வளவு, மின்கட்டணம் எவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கேட்டீர்கள். சில இடங்களில் குறுக்கிட்டு விளக்கமும் கோரினீர்கள். அது உங்கள் உரிமை. ஆனால், அதே ஷாதி மஹாலின் பின்கட்டில் ஒவ்வொரு விருந்துக்குப் பின்னரும் தொட்டிகளில் போய்ச் சேரும் சோற்றுக்கும் கறிக்கும் எந்தப் பேரேட்டிலும் பற்று எழுதப்படுவதில்லை. அதுபற்றி இதுவரை எவரும் கேள்வி எழுப்பியதுமில்லை. அந்தக் கணக்கைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

இஸ்ராஃப் என்னும் சொல்லை அறியாத முஸ்லிம் இல்லை. எனினும் அதை மதுவோடும் சூதோடும் சேர்த்து, எங்கோ இருக்கும் தீயவர்கள் செய்யும் செயலாக எண்ணிக்கொள்வது நம் வழக்கம். திருமறையின் அல்அஃராஃப் அத்தியாயத்து 31-ஆம் வசனத்தைச் சிந்தித்தால் அந்த எண்ணம் நிற்காது. உண்ணவும் பருகவும் அனுமதி வழங்கும் அதே வசனத்திலேயே வரம்பு மீறல் தடுக்கப்படுகிறது. ஆக, அங்கே பேச்சு ஹலாலான உணவைப் பற்றியதே. ஹராமான பொருளில் கொஞ்சம், அதிகம் என்ற பேச்சுக்கே இடமில்லையே! நாம் உழைத்துச் சம்பாதித்த பணத்தில், பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்த ஆட்டில், நம் வீட்டு அடுப்பில்தான் இஸ்ராஃப் நிகழ்கிறது.

அல்இஸ்ரா அத்தியாயத்தின் 26, 27-ஆம் வசனங்களும் அவ்வாறே. வீண்விரயம் செய்வோர் ஷைத்தானின் உடன்பிறந்தாராக அங்கே சொல்லப்படுவதை மேடைதோறும் கேட்டிருக்கிறோம். அதற்கு முன் வரும் கட்டளையை மட்டும் எளிதாகக் கடந்துவிடுகிறோம். உறவினருக்கும் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் அவரவர்க்குரிய உரிமையைக் கொடுக்கச் சொன்ன பிறகே விரயம் அங்கே தடுக்கப்படுகிறது. இவ்விரண்டும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பது தற்செயலானதன்று என்றே நாம் கருதுகிறோம். தொட்டியில் போகும் கவளத்திற்கு வேறொரு உரிமையாளர் இருந்தார்.

கீழே விழுந்த கவளத்தில் ஒட்டிய தூசியை அகற்றிவிட்டு உண்ணவேண்டும், அதை ஷைத்தானுக்கு விட்டுவிடலாகாது என்றும், உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் இருக்கிறதென்று நாம் அறியோம் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. ஒரு கவளத்திற்கே இந்த அக்கறை. தேக்சா கணக்கில் கொட்டுகிற நம்மை என்னென்பது?

இது நம் ஊரின் குறை மட்டுமன்று. ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதே காலத்தில் பசியால் வாடியோர் தொகை 78 கோடிக்கும் மேல். நம்மில் பலருக்கு வியப்பளிக்கக்கூடியது எதுவென்றால், அந்த 105 கோடி டன்னில் 63 கோடி டன் வீடுகளில் வீணானது என்பதே. கல்யாண மண்டபத்தையும் ஹோட்டலையும் கைகாட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள வழியில்லை. இந்தியாவில் வீட்டளவில் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 55 கிலோ வீணாவதாக அவ்வறிக்கை மதிப்பிடுகிறது. இதில் தோல், எலும்பு போன்றவையும் அடங்கும் என்பதையும் சொல்லிவிடவேண்டும். அப்படியிருந்தும், ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு 275 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டைக் கணக்கில் 11 மூட்டை எடை.

ஒரு கிலோ நெல் விளையச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் தேவை என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரின் கணக்கு. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருமா என்று ஆண்டுதோறும் ஏங்கும் விவசாயிகள் நம் ஜமாஅத்திலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பக்கத்து ஸஃப்பில் வைத்துக்கொண்டுதான் நாம் சோற்றைக் கொட்டுகிறோம்.

இனி வீட்டுக்கு வருவோம். இது தாய்மார்களைக் குறைகூறும் பேச்சன்று. உண்மையில் வீட்டு விரயத்தில் ஆண்களாகிய நம் பங்கே அதிகம் என்பது நிர்வாகக் குழுவில் ஒருமனதாக ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. இஷா தொழுதுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்ப் பரோட்டாவை முடித்துக்கொண்டு, பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து ‘பசியில்லை’ என்று சொல்லிப் படுத்துக்கொள்பவர் யார்? முன்கூட்டி ஒரு தொலைபேசி அழைப்பு செய்திருந்தால் அந்த உலை ஏறியிராது. நேற்றைய குழம்பைக் கண்டதும் முகம் சுளிப்பதும் நாமே. நபிகளார் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை சொன்னதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி.

நம் உம்மாமார்கள் உழக்கால் அளந்துதான் அரிசி போட்டார்கள். இரவில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்தால் காலையில் அது பழைய சோறு. சின்ன வெங்காயம் போதும். மிஞ்சிய இடியாப்பத்தை உதிர்த்துத் தாளித்தார்கள். மீன் குழம்பைச் சுண்டவைத்து மறுநாள் உண்டபோது அது முதல் நாளைவிடச் சுவையாகவே இருந்தது. உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்து மதரஸாவுக்கு அனுப்பிய வழக்கமும் இருந்தது. அளந்து சமைத்தவருக்கே அந்த ஒரு பிடியை எடுத்துவைக்கவும் மனம் வந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். இன்று வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் வந்துவிட்டது, நல்லதே. ஆயினும் பல வீடுகளில் அது உணவைக் காக்கும் பெட்டியாக இல்லை. இன்று கொட்டவேண்டியதை நான்கு நாள் தள்ளிக் கொட்டுவதற்கான பெட்டியாகவே இருக்கிறது. மிச்சத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி முன்தட்டில் வைத்து, அடுத்த நாள் சமையலை அதிலிருந்து தொடங்கினாலே பாதி விரயம் நின்றுவிடும்.

விருந்துகளின் நிலை வேறு. இங்கே விரயத்தை உண்டாக்குவது மறதியன்று, மானம். ‘சோறு பற்றவில்லை’ என்ற ஒரு சொல் ஊரில் உலவிவிடுமோ என்னும் அச்சம். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி போட்டால் எட்டிலிருந்து பத்துப் பேர் உண்ணலாம் என்பது பண்டாரிமார்களின் பொதுக்கணக்கு. ஐந்நூறு பேர் வருவார்கள் என்று வீட்டார் கணித்தால், பெண் வீட்டார் ஒரு நூறு கூட்டுவார்கள். மாமா ஒருவர் வந்து இன்னும் ஐம்பது கூட்டுவார். பண்டாரி தம் பெயர் கெடாதிருக்கத் தம் பங்குக்கு ஒரு தேக்சா கூட்டுவார். இதற்குமேல் தால்சா, கோழிப் பொரியல், இனிப்பு, ஐஸ்கிரீம் எல்லாம் வந்து சேர்ந்தபின், மனிதர் வயிறு மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் சஹன் சாப்பாட்டின் அழகைக் கண்டிருப்பீர்கள். ஊர் வழக்கப்படி சிலர் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்பர். அது சகோதரத்துவத்தின் சின்னம் என்று நாம் பேசுவதுண்டு. அது சிக்கனமும் ஆகும். ஒருவருக்குக் குறைவாகத் தேவைப்பட்டால் அருகிலிருப்பவர் கை அந்தப் பங்கை எடுத்துக்கொள்ளும். போதாதவர்களுக்கு மட்டும் மறுசோறு வரும். இருவர் உணவு மூவருக்கும், மூவர் உணவு நால்வருக்கும் போதுமானது என்ற நபிமொழி அங்கே கண்முன் நடக்கிறது. தனித்தனி இலையில் கேளாமலே குவித்துப் போகும் பந்தியில் இது நடக்காது. பஃபே முறையோ இன்னும் மோசம். கண் கேட்பதைக் கை எடுத்து வைக்கிறது.

அனுபவமுள்ள பண்டாரிகள் சிலரிடம் கலந்து பேசினோம். அவர்கள் சொன்ன வழி எளிது. அனைத்துத் தேக்சாக்களையும் ஒரே நேரத்தில் தம் போடவேண்டியதில்லை. கடைசித் தேக்சாவுக்குக் கறியும் மசாலாவும் தயாராக இருக்கட்டும். அரிசியை மட்டும் போடாமல் நிறுத்தி வையுங்கள். இரண்டாம் பந்தி அமரும்போது வாசலில் எண்ணிப் பார்த்துவிட்டு, தேவையென்றால் ஏற்றலாம். தேவைப்படாவிட்டால் அரிசி அரிசியாகவே வீடு திரும்பும், கறியைப் பகிர்ந்துகொள்ளலாம்.

மிஞ்சியதைத் தர்மம் செய்துவிடுகிறோமே என்று சிலர் கூறுவர். இங்கே சற்று வெளிப்படையாகப் பேசவேண்டியிருக்கிறது. மதியம் சமைத்த பிரியாணியை, மண்டபத்தைக் காலி செய்யும் அவசரத்தில் இரவு ஒன்பது மணிக்கு எத்தீம்கானா வாசலில் இறக்கிவிட்டுப் போவது தர்மமாகுமா? சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அறை வெப்பத்தில் வைக்கலாகாது, 60 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டிலோ 5 டிகிரிக்குக் குறைந்த குளிரிலோ வைக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அரிசியில் உள்ள ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு ஆறிக் கிடக்கும்போது அவை பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. மீண்டும் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டேயன்றி நீங்களே வாங்கமாட்டாத மட்டமான பொருளைத் தர்மமாகக் கொடுக்க நாடாதீர்கள் என்ற கருத்தில் அல்பகரா அத்தியாயத்து 267-ஆம் வசனம் நம்மை எச்சரிக்கிறது. நம் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் சோற்றை எத்தீம் பிள்ளைக்குக் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

எனவே, கொடுப்பதாயின் முதல் பந்தி முடிந்ததுமே, எவர் கையும் படாத தேக்சாவிலிருந்து, சூட்டோடு கொடுக்கவேண்டும். வாங்குவோருக்கு முன்கூட்டித் தகவல் தரவேண்டும். மிஞ்சிய உணவைச் சேகரித்து வழங்குவதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் தனி ஒழுங்குமுறை கொண்டுவந்தது. அப்பணியில் ஈடுபடும் தொண்டு அமைப்புகளும் பல ஊர்களில் உள்ளன. இவை எல்லாவற்றினும் மேலானது, ஏழைகளை மிச்சத்திற்குக் காத்திருக்கச் செய்யாமல் விருந்துக்கே அழைப்பது. செல்வந்தர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா உணவே உணவுகளில் மிகக் கெட்டது என்னும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நம் அழைப்புப் பட்டியலை எழுதும்போது இந்த ஹதீஸை யார் நினைக்கிறோம்?

நோன்புக் கஞ்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கஞ்சிக்கான பச்சரிசியைப் பள்ளிவாசல்களுக்குத் தமிழக அரசு 2001-ஆம் ஆண்டு முதல் வழங்கி வருகிறது. ஏனைய பொருட்களுக்கு நம் மஹல்லாவாசிகள் நாள் பொறுப்பேற்றுப் பணம் தருகிறார்கள். இரண்டும் அமானிதம். ஆனால் அஸருக்குப் பின் பெரிய தூக்குச்சட்டி நிறைய வாங்கிச் செல்லும் வீட்டில், சமோசாவும் வடையும் பழமும் வரிசையாக வைத்தபின் கஞ்சி ஆறிப்போய்ச் சாக்கடைக்குப் போகிறது. அதே வேளையில், வரிசையின் கடைசியில் நின்ற பிள்ளைக்கு அடிச்சட்டிக் கஞ்சிதான் கிடைக்கிறது.

குர்பானி இறைச்சியில் இதற்கு மாறான ஒரு பாடம் உண்டு. ஓர் ஆண்டு மதீனாவுக்கு வறியவர்கள் திரளாக வந்தபோது, மூன்று நாட்களுக்கு மேல் இறைச்சியைச் சேமிக்கவேண்டாம் என்று நபிகளார் (ஸல்) தடுத்தார்கள். நெருக்கடி நீங்கியபின் உண்ணவும் சேமிக்கவும் தர்மம் செய்யவும் அனுமதித்தார்கள். சேமிப்பு தவறன்று, பக்கத்தில் பசித்தவர் இருக்கும்போது சேமிப்பதே தவறு. நம் முன்னோர் மஞ்சளும் உப்பும் தடவி வெயிலில் காயவைத்த உப்புக்கண்டம் மாதக்கணக்கில் வந்தது. இன்றோ ஒரே நாளில் ஒரே தெருவுக்குப் பத்துப் பங்கு இறைச்சி செல்கிறது. இரண்டு தெரு தள்ளி ஒரு பங்கும் செல்வதில்லை.

இவற்றை முன்னிட்டு நிர்வாகக் குழு சில ஏற்பாடுகளை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறது. வரும் ரமளானில் தலைக்கட்டு வாரியாக நபர் எண்ணிக்கையைக் கேட்டுக் கஞ்சி அட்டை வழங்கப்படும்; தேவையில்லாத நாட்களை முதல் நாளே மோதினாரிடம் சொல்லிவிடலாம். குர்பானிப் பங்கீடு தெருவாரியான பட்டியலின்படி நடைபெறும். ஷாதி மஹாலை முன்பதிவு செய்யும் படிவத்தில் விருந்தினர் எண்ணிக்கை, கடைசித் தேக்சா நிறுத்திவைக்கப்படுமா, மிஞ்சினால் யாருக்கு எப்போது செல்லும் ஆகிய மூன்று கேள்விகள் சேர்க்கப்படும். உணவு மிஞ்சிய செய்தி வந்தவுடன் வண்டியோடு புறப்பட இளைஞர்கள் சிலர் முன்வந்துள்ளனர். விருந்தில் எத்தனை வகை வைக்கவேண்டும் என்று ஜமாஅத் கட்டளையிடலாமா என்பதில் குழுவினரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. அது அவரவர் வீட்டு உரிமை என்போரும் உளர். மஹால் ஜமாஅத்தின் சொத்தாயிற்றே என்போரும் உளர். அதனை இந்த அவையே பேசி முடிவு செய்யட்டும். கருத்துக் கூற விரும்புவோர் லுஹர் தொழுகைக்குப் பின் நடைபெறும் அமர்வில் கலந்துகொள்ள வேண்டுகிறோம். தாய்மார்கள் தங்கள் கருத்தை எழுதி மேல்மாடியில் வைக்கப்பட்டுள்ள பெட்டியில் போடலாம்.