வேலைக்கு மதிப்பெண் மட்டும் போதுமா?

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தது. சபை உறுப்பினராக நிலம், வயது, கல்வி எல்லாம் கேட்கிறது. அத்தனையும் இருந்தாலும், முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது என்கிறது. படிப்பும் வேண்டும், நடத்தையும் வேண்டும்.

இன்றைய வேலைத் தேர்வும் இப்படித்தான். கல்லூரிக்கே ஆளெடுக்க வரும் பல நிறுவனங்கள் 60 சதவீதம் கேட்கின்றன. அரியர் இருந்தால் பெரும்பாலும் உள்ளேயே விடுவதில்லை. எனவே பிள்ளைகளே, முதலில் அரியரை முடியுங்கள். வீட்டில் மறைக்காதீர்கள். பெற்றோரும் திட்டாமல் கேளுங்கள்.

வாசலைத் தாண்டிய பிறகு கேள்வி மாறிவிடுகிறது. குழு விவாதத்தில் அடுத்தவர் பேச்சைக் கேட்கிறாரா? "நீங்கள் பொறுப்பெடுத்துச் செய்தது என்ன?" என்றால் பதில் இருக்கிறதா? நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் உழைக்க வேண்டும். சான்றிதழைக் காட்டினால் மட்டும் போதாது; முகாமில் தண்ணீர் வராத நாளில் என்ன செய்தோம் என்று சொல்லத் தெரிய வேண்டும். விளையாட்டும் விழாப் பொறுப்பும் படிப்பைக் கெடுக்கும் என்று தடுக்காதீர்கள். அளவோடு இருந்தால் அவையும் படிப்புதான்.

ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தின் மாத வரவு செலவுக் கணக்கைப் பொருளாளருடன் சேர்ந்து இரண்டு கல்லூரி மாணவர்கள் எழுதட்டும். கூட்டத்தில் அவர்களே வாசிக்கட்டும். நாம் கேள்வி கேட்போம், பொறுமையாக. நேர்காணலுக்கு இதைவிட நல்ல பயிற்சி பக்கத்தில் கிடைக்காது.