கடலில் மிதப்பது நம் கடைப் பை

(கடலோர ஊர் ஒன்றில் வியாபாரிகளும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் மளிகை வியாபாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

கடல் மாசைப் பற்றிப் பேசுங்கள் என்று என்னை அழைத்தார்கள். நான் விஞ்ஞானி அல்ல. இருபத்தைந்து வருடமாக மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருப்பவன். அதனால்தானோ என்னவோ, இந்த விஷயத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர்களில் நானும் ஒருவன் என்ற எண்ணத்தோடுதான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன்.

2018 நவம்பரில் இந்தோனேசியாவின் வகாடோபி கடற்கரையில் ஒரு திமிங்கலம் செத்து ஒதுங்கியது. ஒன்பதரை மீட்டர் நீளம். வயிற்றைக் கிழித்துப் பார்த்தார்கள். உள்ளே கிட்டத்தட்ட 6 கிலோ பிளாஸ்டிக்! 115 கப்புகள், 25 பைகள், 4 பாட்டில்கள், ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. இந்தப் பட்டியலை நான் முதலில் படித்தபோது திமிங்கலத்தின் நினைவு வரவில்லை. என் கடையின் சரக்குப் பட்டியல்தான் நினைவுக்கு வந்தது. கப் என் கடையில் இருக்கிறது. பை இருக்கிறது. செருப்பு பக்கத்துக் கடையில் இருக்கிறது.

இந்தோனேசியா எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்று சொல்ல முடியாது. நம் வீட்டு வாசலில் இருப்பது மன்னார் வளைகுடா. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986ல் அரசு இதைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989ல் உயிர்க்கோளக் காப்பகம் ஆக்கியது. பவளப் பாறையும், கடற்புல்லும், அந்தப் புல்லை மேயும் கடற்பசுவும், ஆமையும் உள்ள கடல் இது. ஆமைக்குச் சொறிமீன் நல்ல தீனி. தண்ணீருக்குள் மிதக்கும் நம் கேரி பையைப் பாருங்கள். சொறிமீன் போலவே விரிந்து சுருங்கும். ஆமை விழுங்கிவிடுகிறது. குடல் அடைத்துப் போகிறது. அறுந்து போன நைலான் வலைகள் பவளப் பாறையின் மேல் போர்த்திக்கொண்டு அதைச் சாகடிக்கின்றன. பாறை செத்தால் மீன் எங்கே குஞ்சு பொரிக்கும்? மீன் இல்லை என்றால் மீனவர் கையில் காசு ஏது? மீனவர் கையில் காசு இல்லாத மாதம் என் கடையில் கடன் நோட்டு எவ்வளவு கனக்கும் என்பது எனக்குத்தான் தெரியும். இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு வியாபாரிக்கும் தெரியும்.

"நாங்கள் கடலில் போடவில்லையே, குப்பைத் தொட்டியில்தானே போடுகிறோம்" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தொட்டி நிரம்பி வழிகிறது. காற்று பையைத் தூக்கிச் சாக்கடையில் போடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை அடித்தால் சாக்கடை வாய்க்காலுக்கும், வாய்க்கால் முகத்துவாரத்துக்கும் ஓடுகிறது. முதல் மழை பெய்த மறுநாள் காலையில் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். எந்தக் கடையின் பெயர் அச்சடித்த பை என்றுகூடப் படித்துச் சொல்லலாம்.

உலகக் கணக்கு ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். 2010ஆம் ஆண்டில் மட்டும் கரையிலிருந்து கடலுக்குள் போன பிளாஸ்டிக் 48 லட்சம் டன்னிலிருந்து 127 லட்சம் டன்னுக்குள் இருக்கும் என்று 2015ல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2015 வரை உலகம் குப்பையாகக் கழித்த பிளாஸ்டிக்கில் மறுசுழற்சிக்குப் போனது நூற்றுக்கு 9 பங்குதான் என்கிறது 2017ல் வந்த இன்னொரு ஆய்வு. மிச்சம் எரிந்தது 12 பங்கு போக, மற்றதெல்லாம் மண்ணிலும் தண்ணீரிலும் கிடக்கிறது. அது மக்குவதில்லை. வெயிலில் காய்ந்து, அலையில் அடிபட்டு, பொடிப்பொடியாக உடைகிறது. 5 மில்லி மீட்டருக்கும் சிறிய அந்தத் துகளை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். தூத்துக்குடி உப்பில்கூட அது இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உடனே இதனால் புற்றுநோய் வரும் என்று மேடை போட்டு பயமுறுத்த நான் விரும்பவில்லை. மனித உடம்பில் அது என்ன செய்கிறது என்று இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் நான் விற்ற பை, நான் விற்கும் உப்புக்குள் திரும்பி வருகிறது என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இளைஞர்கள் சிலர் கேட்பார்கள்: "பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு எங்களிடம் ஏன் வருகிறீர்கள்?" கோபம் சரியானது. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற கப்பல் தீப்பிடித்து எரிந்து, பின்னர் மூழ்கியது. பிளாஸ்டிக் சாமான் செய்யும் மூலப்பொருளான குருணை சுமார் 1,680 டன் அந்தக் கப்பலில் இருந்தது. இலங்கையின் மேற்குக் கரை பனி பெய்தது போல் வெள்ளையாகிப் போனது. மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். நான்கு வருடம் கழித்து, 2025 ஜூலையில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. அதே 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எல்சா 3 என்ற கப்பல் மூழ்கி, அதன் குருணை கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்கியது. 

நம் மாநிலத்திலும் பாரபட்சம் இல்லாமல் இல்லை. 2019 ஜனவரி 1ஆம் தேதி தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக்கைத் தடை செய்தபோது, கம்பெனிகள் அடைத்து அனுப்பும் உறைகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். கடையில் சரம் சரமாகத் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்குக் கேள்வியில்லை. அதைப் போட்டுக் கொடுக்கும் பைக்கு அபராதம்! அன்றைக்குப் பெட்டிக்கடைக்காரர் கொதித்ததில் என்ன தப்பு? உற்பத்தி செய்தவனே திரும்ப எடுக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது. 2022ல் அதை இன்னும் விரிவாக்கினார்கள். நம் தெருவுக்கு எந்தக் கம்பெனி வந்து எதை எடுத்தது? இதைக் கேட்க வேண்டும். மனு கொடுக்க வேண்டும். இங்கே இருக்கும் சட்டம் படித்த தம்பிகள் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் பைக் கட்டை மறைக்க முடியுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கடை ஒரு நாளைக்கு 200 பை கொடுக்கிறது என்று வையுங்கள். வருடத்தில் 300 நாள் வியாபாரம். 60,000 பை. நம் ஊர் போன்ற ஒரு சிற்றூரில் 300 கடை இருந்தால் 1 கோடியே 80 லட்சம் பை! அதைப் பழைய இரும்புக் கடைக்காரரும் வாங்க மாட்டார். காயலான் கடை என்ற பெயரே காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்தது என்று சொல்வார்கள். கழித்த பொருளில் காசு பார்ப்பது நமக்குப் புதிதல்ல. பாட்டில் வாங்குவார்கள், கழுவிக் காயவைத்த பால் கவர் வாங்குவார்கள். மெல்லிய கேரி பை எத்தனை நூறு சேர்த்தால் ஒரு கிலோ வரும்? அழுக்கோடு அதை யார் பொறுக்குவார்?

இப்போது என் கதையைச் சொல்லிவிடுகிறேன். தடை வந்த புதிதில் நான் பையை நிறுத்தினேன். பத்து நாள்கூட தாக்குப்பிடிக்கவில்லை. ஒரு அம்மா, பல வருட வாடிக்கை, "என்ன பாய், ஒரு கவருக்குப் போய் கணக்குப் பார்க்கிறீங்க!" என்று எடுத்த சாமானை மேசையிலேயே வைத்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனார். அங்கே பை கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே நானும் மேசைக்கு அடியில் ஒரு கட்டு வாங்கி வைத்தேன். ஒளித்து ஒளித்துக் கொடுத்தேன். சட்டத்தை மீறினேன் என்பதைவிட, நல்லது என்று தெரிந்ததை விட்டுவிட்டேன் என்பதுதான் உறுத்தியது.

அந்தத் தோல்வியில் நான் தெரிந்துகொண்டது இதுதான்: தனிக் கடை பையை நிறுத்தினால் வாடிக்கையாளரை இழக்கும்; தெரு முழுக்க நிறுத்தினால் யாரும் யாரையும் இழக்க மாட்டார்கள். பிறகு நானே எதிர்க் கடைக்காரரிடம் போய்ப் பேசினேன். எங்கள் வரிசையில் ஏழு கடைகள் ஒத்துக்கொண்டோம். பை வேண்டுமா, துணிப்பை பத்து ரூபாய், திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் வாபஸ். முதல் மாதம் முணுமுணுப்பு. மூன்றாம் மாதம் சனங்களே கூடையும் பையுமாக வர ஆரம்பித்தார்கள். நான் பைக்குச் செலவழித்த பணம் மிச்சமானது தனி லாபம். "இலவசப் பை" என்று ஒன்று கிடையாது சகோதரர்களே; அதை நானும் நீங்களும் கல்லாவிலிருந்துதான் வாங்குகிறோம்.

ஒரு எச்சரிக்கை. பல கடைகளில் துணி மாதிரி ஒரு பை கொடுக்கிறார்கள், நான்-ஓவன் என்று. தொட்டால் துணி போலத்தான் இருக்கும். அது பாலிப்ரொப்பிலீன், சுத்தமான பிளாஸ்டிக். தமிழகத் தடையில் அதையும் சேர்த்தார்கள். 2023ல் உச்சநீதிமன்றம் அதை மட்டும் மறுபடி பரிசீலிக்கச் சொன்னது. வழக்கு எப்படியும் போகட்டும். கடலுக்கு அது பிளாஸ்டிக்தான். டீக்கடையின் காகிதக் கப்பிலும் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அதற்கான தடையை அதே தீர்ப்பில் உறுதி செய்துவிட்டார்கள். கண்ணாடி கிளாஸைக் கழுவச் சோம்பல்பட்டு வந்த வினை இது.

சட்டம் ஒன்றே போதும் என்று நினைப்பவர்கள் வங்காளதேசத்தைப் பார்க்க வேண்டும். 1988லும் 1998லும் வந்த பெருவெள்ளத்தில் டாக்கா நகரின் சாக்கடைகளைப் பாலித்தீன் அடைத்துக்கொண்டது. 2002ல் மெல்லிய பாலித்தீன் பைக்குத் தடை போட்டார்கள். உலகிலேயே அப்படிச் செய்த முதல் நாடு. சணல் விளையும் நாடு. மாற்றுக்குப் பஞ்சமே இல்லை. இருந்தும் சில வருடத்தில் பை திரும்பி வந்துவிட்டது. 2024ல் புதிதாக மறுபடியும் நடவடிக்கை எடுக்க வேண்டியதாயிற்று. கடைத்தெரு ஒத்துக்கொள்ளாத சட்டம் காகிதத்தில்தான் இருக்கும்.

இனி நம் வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் வருகிறேன். நோன்புக் கஞ்சி வாங்க நாம் சிறு வயதில் எதை எடுத்துப் போனோம்? தூக்குச்சட்டி. அஸருக்குப் பிறகு சட்டியும் கையுமாக வரிசையில் நின்று சண்டை போட்டது மறந்துவிட்டதா? இன்று கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை பாலித்தீன் கவரில் ஊற்றி ரப்பர் பாண்ட் போட்டுக் கொடுக்கிறோம். முப்பது நாளும்! வலீமாவில் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்ட சமுதாயம் நாம். இலைகூடத் தேவைப்படாத விருந்து அது. இப்போது மேசைக்குப் பிளாஸ்டிக் விரிப்பு, தட்டுக்குப் பூச்சுக் காகிதம், ஆளுக்கு ஒரு குட்டித் தண்ணீர் பாட்டில். பாதி குடித்த பாட்டில்கள் மண்டபத்து வாசலில் மலையாகக் கிடக்கின்றன. வீண்விரயம் கூடாது என்று பயான் கேட்டுவிட்டு வந்துதான் இதைச் செய்கிறோம்.

குர்பானிக் கறி இன்னொன்று. ஒரே நாளில் ஊர் முழுவதும் எத்தனை ஆயிரம் பை! 2019 பெருநாளில் ஜகார்த்தா நகர நிர்வாகம் பிளாஸ்டிக் வேண்டாம், பெசெக் என்னும் மூங்கில் பெட்டியில் கறி கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டது. நமக்குப் பனை இருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டி ஓலைப்பெட்டியில்தானே வந்தது? ஓலைப்பெட்டி முடையும் பெண்களுக்கு வருடத்தில் ஒரு பெரிய ஆர்டர் கொடுத்தால் அவர்கள் வீட்டிலும் பெருநாள்.

வீட்டுக் குப்பைக்கு ஒரே ஒரு காரியம் சொல்கிறேன். பத்து சொன்னால் ஒன்றும் நடக்காது. ஈரக் குப்பையையும் காய்ந்த குப்பையையும் சேர்க்காதீர்கள். காய்கறித் தோல், டீத்தூள், சோறு ஒரு வாளியில். பிளாஸ்டிக், காகிதம், பாட்டில் ஒரு சாக்கில். சேர்ந்துவிட்டால் இரண்டும் கெட்டது. பிரிந்தே இருந்தால் சாக்கு பழைய சாமான் கடைக்குப் போகும். வாளி, ஓட்டை போட்ட ஒரு மண் தொட்டிக்குப் போகும். மேலே காய்ந்த சருகு, கொஞ்சம் புளித்த மோர். இரண்டு மாதத்தில் உரம். எலும்பையும் கறிக்கழிவையும் அதில் போட வேண்டாம், நாய் வரும், நாற்றமும் வரும். தாய்மார்கள் தலையில் மட்டும் இதைக் கட்டிவிட்டு ஆண்கள் கூட்டத்தில் கைதட்டிக்கொண்டிருந்தால் நடக்காது. சாக்கைத் தூக்கிக் கடையில் போடுவது தம்பிமார்களின் வேலை.

பேச்சை இங்கே நிறுத்துகிறேன். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பிளாஸ்டிக் பையை நிறுத்தச் சம்மதிக்கும் கடைக்காரர்கள் பெயரையும் கடையையும் எழுதுங்கள். ஒரு தெருவில் பாதிக்கு மேல் கடைகள் சேர்ந்த பிறகுதான் அந்தத் தெருவில் தொடங்குவோம். தனியாக யாரும் மாட்டிக்கொள்ள வேண்டாம். ரமலானுக்கு முன் தூக்குச்சட்டி விஷயத்தை ஜமாஅத் நிர்வாகிகளிடம் பேச நான்கு இளைஞர்கள் வேண்டும். அவர்களும் அதே நோட்டில் எழுதலாம். முதல் பக்கத்தில் எங்கள் வரிசையின் ஏழு கடைகளும் எழுதியாகிவிட்டது.